ஒரு விரல் உயரம்

தாத்தா: குதிகாலைத் தூக்கு, பார்ப்போம்.

பேத்தி: இங்கேயா தாத்தா? எல்லாரும் பார்க்கறாங்க.

தாத்தா: பார்க்கட்டும். தூக்கு... ஏன் ஆடுது? நான் தைச்ச ஷூ ஆடாதே.

பேத்தி: ரெண்டு சாக்ஸ் போட்டிருக்கேன். அப்பவும் ஆடுது.

தாத்தா: முப்பத்தெட்டு வருஷமா செருப்பு தைக்கறேன். ஒருத்தன் கால்லயும் ஆடினதில்ல. போன வாரம் போட்டுப் பார்த்தப்ப கச்சிதமா இருந்துச்சே...

அம்மா: என்னப்பா இது, கேட்டுக்குள்ள நுழைஞ்சு பத்து நிமிஷம் ஆகல. அதுக்குள்ள அவ காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டீங்க?

தாத்தா: தோல் இளகியிருக்கும். நீ உன் ஜோலியைப் பாரு.

அம்மா: எனக்கு இன்னைக்கு ஜோலியே இல்ல. ஆஸ்பத்திரிக்கு லீவு போட்டு வந்திருக்கேன். எதுக்கும் அவசரப்படப் போறதில்ல, சொல்லிட்டேன்.

பேத்தி: வரிசை நீளமாயிடும்மா.

அம்மா: ஆகட்டும். இந்த மேப்பைப் பாரு... இந்தப் பார்க்கு மட்டும் நம்ம ஊர்ல பாதி இருக்கும் போல.

தாத்தா: இந்தப் படத்தை சும்மாவா குடுத்தான்?

அம்மா: சும்மாதான்.

தாத்தா: சும்மா குடுக்கறான்னா பின்னாடி ஏதோ இருக்கு.

அம்மா: பின்னாடி விளம்பரம் இருக்கு.

தாத்தா: பார்த்தியா.

பேத்தி: தாத்தா, கரடி. கை குடுக்க வருது.

தாத்தா: கரடி இல்ல, உள்ள ஒரு பொம்பள. பாதத்தைப் பாரு, சின்ன அளவு. இடது பக்கம் மட்டும் தேய்ஞ்சிருக்கு. இடுப்பு வலிக்காரி, பாவம்.

அம்மா: அப்பா, அவங்களுக்குக் கேக்கும்.

தாத்தா: கேக்கட்டும். ஏம்மா, இடது குதிகாலுக்குப் புது ரப்பர் ஒட்டு, வலி குறையும்... பாரு, கரடி தலையாட்டுது.

பேத்தி: அங்க தண்ணியைப் பாருங்க. பாட்டுக்குத் தகுந்த மாதிரி ஆடுது.

தாத்தா: யாரு திறந்து மூடறான்?

அம்மா: ஆளே கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டர்.

தாத்தா: நம்ப மாட்டேன். கீழ ஒருத்தன் குழாயைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பான்... அட... அட, மேல போய் நிக்குது பாரு... தண்ணி நிக்குமா? நின்னுச்சே...

அம்மா: வாயை மூடுங்கப்பா, சாரல் உள்ள போகுது. சரி, நான் போய் பாட்டில்ல தண்ணி பிடிச்சுட்டு வரேன். ரெண்டு பேரும் இந்த பெஞ்சை விட்டு நகரக் கூடாது.

தாத்தா: போ, போ... போயிட்டாளா?

பேத்தி: போயிட்டாங்க. தாத்தா, உள்ள அது இருக்குல்ல?

தாத்தா: மெல்லப் பேசு. நானே வெட்டி, நானே வெச்சுத் தைச்சது. குதிகாலுக்கு அடியில ரப்பர், அதுக்கு மேல தோல். வெளிய இருந்து பார்த்தா ஒருத்தனுக்கும் தெரியாது.

பேத்தி: ரோலர் கோஸ்டர்ல ஏறணும்னா நூத்தி இருபது சென்டிமீட்டர் உயரம் இருக்கணும். நீங்க நிலைப்படியில வெச்சு அளந்தப்ப நான் ஒரு விரல் கம்மி.

தாத்தா: அந்த ஒரு விரலைத்தான் வெச்சிருக்கேன். எவனோ ஒருத்தன் கம்பியில கோடு போட்டுட்டா அது சாமி வாக்கா? பிள்ளைங்களை வெளிய நிறுத்த அவனுக்கு ஒரு சாக்கு.

பேத்தி: மாட்டிக்கிட்டா?

தாத்தா: உங்கம்மாவே மாட்டல.

பேத்தி: அம்மாவா?

தாத்தா: அவளுக்கு அப்போ இருபது வயசு. போலீஸ் வேலைக்கு ஆள் எடுத்தாங்க. அவளும் ஒரு விரல் கம்மி. அவளுக்கே தெரியாம ஷூவுக்குள்ள வெச்சுத் தைச்சுட்டேன். அளவுல ஜம்முனு தேறிட்டா. அப்புறம் ஓட்டத்துல கோட்டை விட்டுட்டா, கழுதை.

பேத்தி: அம்மா வேகமா ஓடுவாங்களே. பஸ்ஸைத் துரத்திப் பிடிப்பாங்க...

தாத்தா: அன்னைக்கு என்ன ஆச்சோ. 'ஓட்டத்துல போச்சுப்பா'ன்னு வந்து நின்னா. நானும் கோவத்துல ஒரு வாரம் அவகிட்ட பேசல... வரா. வாயை மூடு.

அம்மா: என்ன, ரெண்டு பேரும் குசுகுசுன்னு?

பேத்தி: ஒண்ணுமில்லம்மா. கரடியைப் பத்தி.

அம்மா: ம்... கரடி. சரி, எந்திரிங்க. வரிசையில போய் நிப்போம்.

தாத்தா: அதுவா? அதோ அதுவா?

பேத்தி: அதேதான் தாத்தா... தாத்தா?

தாத்தா: இரு. இன்னும் அண்ணாந்து பார்த்து முடிக்கல.

அம்மா: எப்படி இருக்கு?

தாத்தா: இவ்வளவு இரும்பை அங்க கொண்டுபோய், அதை நூலு மாதிரி வளைச்சு... அவன் மனுஷந்தானா?

அம்மா: எதைப் பார்த்தாலும் ஒரு குறை சொல்வீங்களே.

தாத்தா: தேடிக்கிட்டுத்தான் இருக்கேன். கிடைக்கல.

பேத்தி: காதைக் குடுங்க. ஏறும்போது கடகடன்னு சங்கிலிச் சத்தம்... இப்போ ஒரு சத்தமும் இல்ல... இப்போ...

தாத்தா: ஐயோ, கத்தறாங்க.

அம்மா: இறங்கி வரவங்க மூஞ்சியையும் பாருங்க.

தாத்தா: சிரிக்கறான். அழுதுக்கிட்டே சிரிக்கறான்... இத்தனை பேர் ஒரே இடத்துல சண்டை போடாம நிக்கறதை நான் இன்னைக்குத்தான் பார்க்கறேன்.

பேத்தி: நகருங்க தாத்தா, வரிசை போகுது. நாம இப்போ ரயிலுக்கு நேர் கீழ வந்துட்டோம். மேல வலை கட்டியிருக்கு பாருங்க.

தாத்தா: வலையில என்ன கிடக்கு?

பேத்தி: ஒரு தொப்பி. அப்புறம் செருப்பு. ஒண்ணு, ரெண்டு... ஏழு.

தாத்தா: ஏழும் ஒத்தைச் செருப்பு. பின்னால வார் வெச்சது ஒண்ணுகூட இல்ல.

பேத்தி: அதனால என்ன?

தாத்தா: தொளதொளன்னு இருந்தது மட்டும் விழுந்திருக்கு. காலைக் கவ்விப் பிடிச்சது எதுவும் விழல.

அம்மா: தலைகீழா சுத்துதுல்ல. லூசா இருந்தா விழத்தான் செய்யும்.

தாத்தா: ஆளு விழாம எது பிடிச்சுக்குது?

அம்மா: தோள் மேல ஒரு கம்பி வந்து இறங்கும். அதோ பாருங்க, பூட்டறாங்க.

தாத்தா: தோளு எங்க இருக்கும்னு அந்தக் கம்பிக்கு எப்படித் தெரியும்?

அம்மா: அதுக்குத்தானே உயரம் பார்த்து ஏத்தறாங்க.

தாத்தா: உயரம் பார்த்தா...

அம்மா: என்னப்பா?

தாத்தா: அப்போ அந்தக் கோடு சும்மா போட்டதில்ல. செருப்புக்கு அளவெடுக்கற மாதிரி.

அம்மா: அதே மாதிரிதான்.

தாத்தா: ஒரு விரல் இடம் இருந்தாப் போதும். கழண்டுரும்.

பேத்தி: எது தாத்தா கழண்டுரும்?

தாத்தா: வா, வேற வரிசைக்குப் போவோம். அந்தப் பக்கம் வாத்துப் படகு ஒண்ணு பார்த்தேன்.

பேத்தி: ஒரு மணி நேரமா நின்னுட்டு வாத்துக்கா?

தாத்தா: வாத்து நல்லா இருக்கும். எனக்குக் கால் வலிக்குது. தலை சுத்துது. ஒண்ணுக்கு வருது.

அம்மா: மூணும் சேர்ந்தா?

தாத்தா: இந்த வயசுல சேர்ந்துதான் வரும்.

அம்மா: அப்போ நீங்க போயிட்டு வாங்க. நாங்க நிக்கறோம்.

பேத்தி: தாத்தா, காதைக் குடுங்க... பயப்படாதீங்க. மாட்ட மாட்டோம்.

தாத்தா: அதுதாண்டி என் பயம்.

ஊழியர்: அடுத்து யாரு? வா பாப்பா, கம்பிக்கு அடியில வந்து நில்லு.

தாத்தா: நிக்காதே. இந்தாம்மா, இவளை அளக்காதே. முதல்ல ஷூவைக் கழட்டச் சொல்லு.

பேத்தி: தாத்தா, வேணாம்...

தாத்தா: உள்ள ரப்பர் இருக்கு. ஒரு விரல் கனம். வெச்சவன் நான். பிள்ளை மேல தப்பு இல்ல. என்னை எங்க வேணாலும் இழுத்துட்டுப் போ, இவளை ஏத்தாதே.

ஊழியர்: எல்லாருமே ஷூவைக் கழட்டிட்டுத்தான் நிக்கணும் ஐயா. பலகையில போட்டிருக்கே.

தாத்தா: நான் பலகையைப் படிக்கறவன் இல்ல.

பேத்தி: கழட்டிட்டேன்... தாத்தா, உள்ள ஒண்ணுமே இல்லயே.

தாத்தா: இங்க குடு... அட. யாரோ பிரிச்சிருக்கான். திரும்பத் தைச்சது என் தையல் இல்ல. கோணல்.

அம்மா: என் தையல்தான். இந்தாங்க உங்க ரப்பர், ரெண்டும். நேத்துலேர்ந்து என் கைப்பையில இருக்கு.

பேத்தி: அம்மா... உங்களுக்குத் தெரியுமா?

ஊழியர்: பாப்பா, கொண்டையையும் அவிழ்த்துடு. நேரா நில்லு. எக்கக் கூடாது... தலையில கம்பி இடிக்குது. போலாம்.

பேத்தி: நிஜமாவா? வெறுங்கால்லயா?

ஊழியர்: வெறுங்கால்லதான். கூட யாரு வரீங்க?

பேத்தி: நான் தனியா போறேன். அம்மா, நீங்க தாத்தாவைப் பிடிச்சுக்குங்க.

அம்மா: போ. ஷூவை இங்கேயே விட்டுட்டுப் போ. ஆடற ஷூ மேல வேணாம்.

தாத்தா: நான் அளந்தப்ப ஒரு விரல் கம்மியா இருந்தாளே.

அம்மா: நீங்க அளந்து நாலு மாசம் ஆச்சுப்பா. தினம் அம்பது பிள்ளைங்களை நிக்க வெச்சு உயரம் எழுதறவ நான். நேத்து தலை வாரும்போதே பார்த்துட்டேன், நூத்தி இருபதுக்குக் கொஞ்சம் கூடவே இருந்தா.

தாத்தா: ஒரே வீட்ல இருக்கேன். ஒரு விரல் வளந்திருக்கா... அது எப்போ நடந்துச்சு? ஒரு சத்தமும் கேக்கலயே.

அம்மா: அதோ, மூணாவது வரிசை. ஏறுது பாருங்க.

தாத்தா: ரெண்டு காலும் வெறும் வானத்துல தொங்குது... எவ்வளவு சின்னக் காலு... உச்சியில நின்னுடுச்சே... கையைத் தூக்கறா.

அம்மா: சிரிக்கறா.

தாத்தா: இங்கேருந்து உனக்கெப்படித் தெரியும்?

அம்மா: தெரியும்.

தாத்தா: போயிட்டா... எங்க காணோம்... அந்தா, அந்தா வந்துட்டா. தலைகீழா வந்துட்டா... உக்கார்ந்த இடத்துல அப்படியே இருக்கா.

அம்மா: மூச்சு விடுங்கப்பா.

தாத்தா: நேத்தே எடுத்தவ நேத்தே சொல்லியிருக்கலாமே. இத்தனை பேர் முன்னாடி என்னைக் கத்த விட்டுட்டே.

அம்மா: நீங்களா சொல்றீங்களான்னு பார்த்தேன்.

தாத்தா: சொல்லலைன்னா?

அம்மா: சொல்லிட்டீங்களே.

தாத்தா: அது சரி. உள்ள வெச்சிருக்கேன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது? என் வேலை வெளிய இருந்து பார்த்தா ஒருத்தனுக்கும் தெரியாது.

அம்மா: வெளிய இருந்து தெரியாதுதான். கழட்டச் சொன்னாத் தெரியும்.

தாத்தா: யாரு கழட்டச் சொன்னா?

அம்மா: இன்னைக்கு இல்லப்பா. எனக்கு இருபது வயசுல. மைதானத்துல, இருநூறு பேர் முன்னாடி... அன்னைக்கு என்னை ஓடவே விடலப்பா.