போனுக்குப் பக்கத்து நாற்காலி

ரஃப் ஸ்கெட்ச்சில் இருக்கிற துடிப்பு, கம்ப்யூட்டரில் முடித்த பிறகும் எப்படிப் போகாமல் இருக்கிறது என்று உங்கள் பத்திரிகைக்காகக் கேட்டு எழுதியிருந்தீர்கள். நல்ல கேள்வி. காமிக்ஸ் ரசிகர்கள் என்னைப் பேட்டி எடுக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டேன் என்று வீட்டில் சொன்னேன். "வளந்தது தொப்பதான்" என்றாள் என் மனைவி சொக்கம்மாள்.

வடசென்னை டோல்கேட்டில் என் கடை. பிழைப்பு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். செத்தவரின் மருவை எடுத்து, வழுக்கையில் முடி நட்டு, மேகத்துக்கு நடுவில் உட்கார வைப்பேன். இந்தப் பக்கத்தில் பாதிப் பேரை அழகாக்கி அனுப்பி வைத்தவன் நான். அந்தக் கைப்பழக்கம்தான் காமிக்ஸில் என்னைக் கெடுத்தது.

படம் போடுவது தீபன். முகத்துவாரக்குப்பத்துக்காரன், முன்பு கடலுக்குப் போனவன். தோளிலிருந்து பென்சிலைச் சுழற்றுவான். ஒரே இழுப்பில் அலை எழும்பும். அதை நான் ஸ்கேன் செய்து, பெரிதாக்கி, மேலே சுத்தமாகக் கோடு போட்டு, வண்ணம் கொடுப்பேன். முடித்துப் பார்த்தால் அலை காம்பவுண்டு சுவர் மாதிரி நிற்கும். "இன்னா மாமு, கடலுக்கும் அஞ்சலி போஸ்டர் அட்சிட்டியா?" என்பான்.

சில வழிகள் கற்றுக்கொண்டேன். ரொம்பப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு கோடு போடக் கூடாது. பென்சில் கோட்டை அழிக்காமல் அடியில் மங்கலாக விட்டுவைக்க வேண்டும். மூலையில் ஒரு கோடு இன்னொன்றைத் தாண்டி ஓடினால் ஓடட்டும் என்று விட வேண்டும். இதையெல்லாம் நீங்கள் தாராளமாக அச்சிடலாம். ஆனால் இது பாதிதான்.

மீதிப் பாதி பவானியால் வந்தது. பவானி தீபனின் மனைவி. கடலா படமா என்று சண்டை போட்டுக்கொண்டு, 2001 மழைக்காலத்தில், விசாகப்பட்டினத்தில் இருந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். குப்பத்து வீட்டில் போன் கிடையாது. அவளுக்குத் தெரிந்த ஒரே நம்பர் என் கடை நம்பர். "கோவம் ஆறட்டும், போன் பண்றேன், அப்ப வந்து இட்டுகினு போ" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறியிருக்கிறாள்.

தீபன் போனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்தான் என்று சொல்வது தப்பு. முட்டி ஆடிக்கொண்டே இருக்கும். எழுவான், வாசல் வரை போவான், ஏதோ மணிச்சத்தம் கேட்ட மாதிரி திரும்பி ஓடி வருவான். துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கிற கன்டெய்னர் லாரிகளை நின்று கெட்ட வார்த்தையில் திட்டுவான், ஹாரன் சத்தத்தில் போன் அடிப்பது கேட்காதாம். அந்த ஆட்டத்தோடேயே வரைந்தான். என் கை பட்டும் சாகாத கோடுகளை அப்போதுதான் முதல்முதலாகப் பார்த்தேன்.

பிறகு பவானி கூப்பிட்டாள். அவனே எடுத்துப் பேசினான். அக்கா வூடு மாறுது, புது அட்ரஸ் அப்பால சொல்றேன், அப்ப வா என்றாளாம். அன்றைக்கு ஒரு சுறா வரைந்தான். சுறா சிரித்தது. நான் முடித்து அனுப்பிய பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பதிப்பாளர் தாமோதரன், "பக்தவச்சலம், இது பல்பொடி விளம்பரமா?" என்று திருப்பி அனுப்பினார்.

அடுத்த தடவை போன் அடித்தபோது தீபன் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தான். நான் எடுத்தேன். பவானி அட்ரஸ் சொன்னாள். மாசமாக இருப்பதையும் சொன்னாள். அப்போது நான் செல்போன் வாங்கியிருந்தேன், போஸ்டர்காரனுக்குச் சாவுச் செய்தி சீக்கிரம் வர வேண்டுமல்லவா. கடை போன் லைனை வெட்டப் போறாங்கம்மா, இனிமே இதுக்குக் கூப்பிடு என்று அந்த நம்பரைக் கொடுத்தேன். வருகிற அழைப்புக்கும் காசு பிடித்த காலம் அது. அந்தச் செலவை நானே ஏற்றுக்கொண்டேன்.

ரிசீவரை வைப்பதற்குள் தீபன் ஓடி வந்துவிட்டான். "யாரு மாமு?"

கதைக்குக் கடைசிப் பக்கங்கள் பாக்கி இருந்தன. இந்த இதழ் முடியட்டும் என்று நினைத்தேன். "ராங் நம்பர்" என்றேன். பாவம், டீயைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தான். நானே போய் இன்னொரு டீ வாங்கி வந்தேன்.

பொறுக்க முடியாமல் ஒருமுறை விசாகப்பட்டினம் போனான். பழைய வீடு பூட்டிக் கிடந்தது. யாரைக் கேட்டும் தெரியவில்லை. திரும்பி வந்து அந்தப் புயல் பக்கங்களை வரைந்தான். நீங்கள்கூடப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். நன்றி.

பவானியும் சும்மா இருக்கவில்லை. நானே கிளம்பி வர்றேண்ணா என்றாள். அவன் பஹ்ரைன் படகு வேலைக்குப் போய்விட்டான், வந்து கூட்டிக்கொள்வதாகச் சொல்லச் சொன்னான் என்றேன். அழுதாள். அழாதம்மா என்றேன். மனதாரத்தான் சொன்னேன். பெண் குழந்தை பிறந்ததும் எனக்குத்தான் முதலில் சொன்னாள். பெயர் செல்லம்மா. தீபனுடைய இறந்துபோன அம்மாவின் பெயர். எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஜிலேபி வாங்கி வந்து தீபனுக்குக் கொடுத்தேன். "இன்னா விசேஷம்?" என்றான். சும்மாதான் என்றேன்.

குப்பத்து வீட்டைக் காலி செய்துவிட்டு அவன் என் கடையிலேயே தங்கி வருஷங்கள் ஆகின்றன. செல்போன் வாங்கித் தரட்டுமா என்றால் வேண்டாம் என்கிறான். "அவுளுக்கு இந்த நம்பர்தான மாமு தெரியும்." கடை போன் பில்லை நான் ஒருமுறைகூடத் தாமதமாகக் கட்டியதில்லை.

போன மாதம் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்தபோது அந்தச் சுறாவின் ஸ்கேன் கிடைத்தது. நான் தொடுவதற்கு முந்தைய ரஃப். சுறா உடம்பு முழுக்கச் சிரித்தது, தண்ணீரும் சேர்ந்து சிரித்தது. புயல் பக்கங்களுக்குக் கொஞ்சமும் குறையவில்லை. பக்கத்தில் நான் முடித்த சுறாவைத் திறந்தேன். ஒவ்வொரு பல்லையும் தனித்தனியாகச் சுத்தம் செய்து, மேகத்துக்கு நடுவில் உட்கார வைத்திருந்தேன். ரொம்ப நேரம் இரண்டையும் பார்த்தேன். பிறகு தோன்றியது, ஸ்கேனர் அப்போது புதுசு, புது மெஷின் எதையும் கொஞ்சம் தூக்கலாகத்தான் காட்டும். ரஃப்பை அழித்துவிட்டேன்.

இந்தப் பொங்கலுக்குச் செல்லம்மாவே கூப்பிட்டாள். தெலுங்கு வாடை அடிக்கிற தமிழ். "மாமய்யா, எங்க நாயனா பஹ்ரைன்லேர்ந்து வந்தாச்சா?"

தீபன் எதிரில்தான் இருந்தான். கையில் பென்சில், கண் கடை போன் மேல். குழந்தை என்பதால் ராங் நம்பர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "இன்னும் வரலம்மா" என்றேன்.

"யாரு மாமு?"

"போஸ்டர் கேக்குறாங்க. பிரிண்ட்டாகி வரலன்னேன்."

தலையாட்டிவிட்டு வரைய ஆரம்பித்தான். முட்டி ஆடியது. என்ன கோடு தெரியுமா அது.

உங்கள் கேள்விக்கு முழுப் பதில் இதுதான். எதையும் வெட்ட வேண்டாம், தீபன் படிக்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். உடனே போட்டுவிடாதீர்கள். கடைசிப் பாகத்துக்கு அவன் இன்னும் சில பக்கங்கள் வரைய வேண்டியிருக்கிறது. இந்த இதழ் முடியட்டும்.