ஷூர்டோட சட்டை வேண்டாம்

வில்மா: அண்ணி... முழங்கால் ஏன் ஆரஞ்சு கலர்ல இருக்கு?

ரென்ஸ்கே: அவ்வளவு தெரியுதா?

வில்மா: நம்ம ஆரஞ்சுச் சட்டை ஃபுட்பால் டீம் ஜெயிச்ச மாதிரி இருக்கு. என்ன பண்ணித் தொலைச்ச?

ரென்ஸ்கே: வெயில்ல நிக்காமலே நிறம் வர்ற க்ரீம். எல்லா இடத்துலயும் ஒரே மாதிரிதான் பூசினேன். முழங்கால் மட்டும் ஜாஸ்தியா குடிச்சிருச்சு.

வில்மா: எலுமிச்சம்பழம் இருக்கா? தேய்ச்சுப் பார்க்கலாம். முதல்ல உட்காரு. தரை இப்படிச் சில்லுனு இருக்கு, சாக்ஸ் கூடப் போடாம நிக்கிற...

ரென்ஸ்கே: போடக்கூடாது. அந்த போட்டோக்காரப் பொண்ணு சொல்லியிருக்கா. காலையிலேருந்து எலாஸ்டிக் வச்சது எதுவும் உடம்புல படக்கூடாதாம். தோல்ல தடம் விழுமாம். சாக்ஸ் கிடையாது, பிரா கிடையாது.

வில்மா: அப்போ லேவார்டன் ஸ்டுடியோ வரைக்கும் ரயில்ல...

ரென்ஸ்கே: மேல பெரிய கோட்டு இருக்கு. சிரிக்காத.

வில்மா: நான் எங்க சிரிச்சேன். டிக்கெட் செக் பண்ண வர்றவரை நினைச்சேன், அவ்வளவுதான். ஏன் அண்ணி, போன்ல என்ன சொன்ன? 'போட்டோ எடுக்கப் போறேன், வந்து முடியைச் சுருட்டி விடு'. நான் பாஸ்போர்ட்டுக்குன்னு நினைச்சேன்.

ரென்ஸ்கே: உள்ளாடை போட்டோன்னு சொல்லியிருந்தா வந்திருப்பியா?

வில்மா: கூப்பிடறதுக்கு முன்னாடியே வந்திருப்பேன். காலை நீட்டு. எரியுதா?

ரென்ஸ்கே: கொஞ்சம்.

வில்மா: எப்படி நிக்கணும், எப்படிப் படுக்கணும்னெல்லாம் அவளே சொல்லிக் குடுப்பாளா?

ரென்ஸ்கே: சொல்லுவா. இருந்தாலும் நேத்து கட்டில்ல பழகிப் பார்த்தேன். ஒரு கை தலைக்கு மேல. இடுப்பு இந்தப் பக்கம், முகம் அந்தப் பக்கம். அப்படியே பிடிச்சிக்கிச்சு. எழுந்திருக்க முடியல.

வில்மா: திரையை மூடியிருந்தியா?

ரென்ஸ்கே: இந்தத் தெருவுல யாரு மூடுறா?

வில்மா: அப்போ எதிர்வீட்டு போஸ்ட்மா அம்மா...

ரென்ஸ்கே: கை காட்டினாங்க. நானும் காட்டினேன். வேற என்ன செய்யச் சொல்ற?

வில்மா: நீ ஏதோ உடற்பயிற்சி பண்றேன்னு நினைச்சிருப்பாங்க. சரி, இந்த யோசனை எப்படி வந்தது?

ரென்ஸ்கே: அது... குலுக்கல்ல விழுந்த பரிசு.

வில்மா: எந்தக் குலுக்கல்?

ரென்ஸ்கே: கடைத்தெருவுல. ரொட்டிக் கடையில.

வில்மா: ரொட்டிக் கடையில உள்ளாடை போட்டோ குடுத்தாங்களா? எனக்கு ஆப்பிள் கேக்தான் குடுத்தாங்க.

ரென்ஸ்கே: நீ முழங்காலைத் தேயேன்.

வில்மா: தேய்க்கிறேன். எதைப் போட்டுக்கப் போற? காட்டு.

ரென்ஸ்கே: இந்தக் கறுப்பு. அதுக்கு மேல இந்த சில்க் கவுன். வேற ஏதாவது இருந்தாலும் எடுத்துட்டு வாங்கன்னா. ஆம்பளைச் சட்டை ஒண்ணு இருந்தா நல்லாருக்கும்னா.

வில்மா: அதுக்கென்ன, எங்கண்ணன் சட்டை இருக்கே. அந்த வெள்ளைச் சட்டை, கல்யாண நாளைக்கெல்லாம் போடுவானே. இன்னும் அலமாரியிலதான இருக்கு?

ரென்ஸ்கே: இருக்கு.

வில்மா: இரு, எடுத்துட்டு வர்றேன். ஒரு தடவை இஸ்திரி போட்டா...

ரென்ஸ்கே: வேண்டாம்.

வில்மா: ஏன்? உனக்கு அளவா இருக்கும்.

ரென்ஸ்கே: வேண்டாம், வில்மா. ஷூர்டோட சட்டை வேண்டாம்.

வில்மா: எடுக்கல, உட்காரு.

ரென்ஸ்கே: நான் அந்தப் பொண்ணுக்கு போன் பண்ணி வரலைன்னு சொல்லிடறேன். இந்த வயசுல இதெல்லாம் என்ன கூத்து. முழங்காலும் ஆரஞ்சு. வயித்துல பையன் யெல்லே பொறந்தப்போ போட்ட தையல் வேற, வாய் கோணின மாதிரி...

வில்மா: போனைக் குடு என்கிட்ட.

ரென்ஸ்கே: வில்மா...

வில்மா: குடு. இப்போ சொல்லு. எங்கண்ணன் சட்டை ஏன் வேண்டாம்?

ரென்ஸ்கே: உன்கிட்ட எப்படிச் சொல்றது. வேற யார்கிட்ட வேணா சொல்லிடலாம்... நீ அவரோட தங்கச்சி.

வில்மா: அவன் போய் மூணு வருஷமாச்சு. நான் இன்னும் உன் வீட்டுக்கு வந்து உன் முழங்காலைத் தேய்ச்சிட்டிருக்கேன். சொல்லு.

ரென்ஸ்கே: ...ஒருத்தர் இருக்கார்.

வில்மா: சரி.

ரென்ஸ்கே: சரியா? அவ்வளவுதானா?

வில்மா: எலுமிச்சம்பழத்தைக் கீழ வச்சிட்டேன் பாரு. கேட்டுட்டுத்தான் இருக்கேன். என்ன பேரு?

ரென்ஸ்கே: கெர்பன். துறைமுகத்துல படகு இன்ஜின் ரிப்பேர் பண்றார். தப்பா எதுவும் நடக்கல. வீடு வரைக்கும் கூட நடந்து வருவார், வாசல்லயே 'போய்ட்டு வர்றேன்'னு சொல்லிட்டுத் திரும்பிடுவார். போன வாரம்தான் கேட்டார். டெர்ஷெல்லிங் தீவுக்கு ரெண்டு நாள் போய்ட்டு வரலாமான்னு.

வில்மா: ரெண்டு அறையா, ஒரு அறையா?

ரென்ஸ்கே: அதை நான் சொல்லணுமாம். எதுவானாலும் அவருக்குச் சம்மதமாம்.

வில்மா: நீ என்ன சொன்ன?

ரென்ஸ்கே: ஒரு அறைன்னு சொல்லிட்டேன். தைரியமாத்தான் சொன்னேன். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னாடி நின்னேன், கவுனை அவிழ்க்கப் போனேன்... லைட்டை அணைச்சிட்டேன். ஷூர்ட் போனதிலேருந்து நான் இருட்டுலதான் துணி மாத்துறேன், வில்மா. எனக்கே தெரியாம அப்படி ஆயிருக்கு.

வில்மா: அதான் இந்த போட்டோவா? கெர்பனுக்குக் குடுக்கவா?

ரென்ஸ்கே: அவருக்கு இல்ல. எனக்கு. உங்கண்ணன் கூடவே இந்த உடம்புக்கு வயசாச்சு. அவருக்கு வித்தியாசமே தெரியல, எனக்கும் கவலை இல்ல. இப்போ ஒருத்தர் முதல் தடவையா பார்க்கப் போறார். அவர் பார்க்கறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை பார்த்துடணும். நல்ல வெளிச்சத்துல. பிடிக்குதா இல்லையான்னு நான் முதல்ல தெரிஞ்சுக்கணும்.

வில்மா: இதை ஏன் முதல்லயே என்கிட்ட சொல்லல?

ரென்ஸ்கே: கோபமா?

வில்மா: இல்ல. நான் அந்தச் சட்டைப் பேச்சை எடுத்ததே சும்மா. நீ சரின்னு சொல்லியிருந்தா, இன்னும் அவன் நிழல்லதான் நிக்கிறன்னு நினைச்சிருப்பேன். வேண்டாம்னு சொன்ன பாரு, அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

ரென்ஸ்கே: ஷூர்ட் என்ன நினைப்பாரு?

வில்மா: முழங்காலைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிச்சிருப்பான். எழுந்திரு, சுருட்டுற மெஷினைச் சொருகு. வெளியே காத்து அடிக்குது, சைக்கிள் வேண்டாம், ஸ்டேஷனுக்கு நான் கார்ல கொண்டு விடறேன். இல்ல... லேவார்டனுக்கே நான் வர்றேன்.

ரென்ஸ்கே: உள்ள வரமாட்டியே?

வில்மா: வெளியே உட்கார்ந்து காப்பி குடிக்கிறேன். நீ பயந்தா இருமு, வந்துடறேன். தலையை ஆட்டாத, சுட்டுடும்.

ரென்ஸ்கே: நீ கெர்பனைப் பார்க்கணும், வில்மா. ரொம்ப அடக்கமான மனுஷன். பாட்டுக் குழுவுலதான் பழக்கம், செவ்வாய்க்கிழமை பாடுவோமே, அங்க. கடைசி வரிசையில நிப்பார். என்ன அடக்கம்னு கேக்குற? பாடும்போது கூட அவர் குரல் தனியாக் கேட்டதே இல்ல.

வில்மா: எப்படிக் கேக்கும்? அந்த ஆளுக்குப் பாடவே வராது, அண்ணி. எங்க படகுக்கு இன்ஜின் மாட்ட வந்தப்போ, 'பச்சைக் கோட்டு போட்டுட்டு சைக்கிள்ல போறாங்களே, தலையே நிமிராம... அவங்க யாரு'ன்னு கேட்டார். என் அண்ணன் பொண்டாட்டின்னதும் ஸ்பேனரைக் கீழ போட்டுட்டார். செவ்வாய்க்கிழமை போய்ப் பாட்டுக் குழுவுல சேருங்கன்னு நான்தான் சொன்னேன். எனக்குப் பாட வராதேன்னார். வாயை மட்டும் அசைங்க போதும்னேன்... பாவம், ஒரு வருஷமா அசைச்சிட்டிருக்கார்.