தப்திம் உரிக்காத ரம்புட்டான்

எல்லாரும் சௌக்கியமா? இந்த மழைக்குச் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா? எங்கள் ஊர் சரபுரியில் ரம்புட்டான் பழம் வந்துவிட்டது. நான் வாங்குவதில்லை. ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நானும் என்னைவிட இளையவளான ஆய்வாளர் அனோங்கும் சேர்ந்து ஆராய்ச்சி செய்தோம். மறதி நோயில் மூளைச் செல்கள் எப்படிச் சாகின்றன, ஒரு மருந்து அதைத் தடுக்குமா என்பது கேள்வி. சியாங்மாயில் அவள் எலியில் பார்ப்பாள், இங்கே நான் குரங்கில் பார்ப்பேன். இரண்டும் ஒத்துப்போனால்தான் மனிதர்களுக்குக் கொடுப்பார்கள். என் கணவர் விசூத்துக்கு அந்த நோய். அனோங்கின் அப்பாவுக்கும்.

எலிகளின் செல்கள் பிழைத்தன. அனோங் போனில் சிரித்தாள்.

"அக்கா, என் எலிங்க விசூத் மாமாவ விட கெட்டிக்காரங்களா ஆயிடுச்சுங்க. உங்க குரங்குங்க என்ன சொல்லுது?"

அதற்குச் சில வாரம் முன்பு ஒரு காலை, மருந்து கொடுத்திருந்த தப்திம் என்ற பெண்குரங்கு ரம்புட்டானைக் கையில் வைத்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தது. உரிக்கத் தெரியவில்லை. பிறகு மருந்து கொடுத்த மற்றவையும் அப்படியே ஆயின. அவற்றின் மூளையை அறுத்துப் பார்த்தேன். எலியில் செல்லைக் காத்த மருந்து, குரங்கில் அதைக் கொன்றிருந்தது.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க," என்றேன்.

மருந்தே கொடுக்காத குரங்குகளின் செல்களைப் படமெடுத்து, மருந்து கொடுத்தவை என்று அவளுக்கு அனுப்பினேன். வேறு மருந்து தேட விசூத்துக்கு நேரமில்லை. சமையலறைக்கு வழி கேட்க ஆரம்பித்திருந்தார். மனிதன் குரங்குக்குத்தான் நெருக்கம் என்று காலமெல்லாம் பாடம் நடத்தியவள் நான். அந்த மழைக்காலம் மட்டும் எலிக்கு நெருக்கம் என்று நம்பினேன்.

அதை நம்பி விசூத்துக்கும் அனோங்கின் அப்பாவுக்கும் மருந்து கொடுத்தார்கள். மருந்து ஏற ஆரம்பித்த பிறகு ஒருநாள் விசூத்திடம் ரம்புட்டான் கொடுத்தேன்.

"மாலீ, இத என்ன பண்ணணும்?" என்றார்.

உரித்து ஊட்டினேன். அவர் என் பெயரைச் சொன்னது அதுதான் கடைசி.

ஆராய்ச்சியில் இறந்த விலங்குகளுக்காக வருடா வருடம் பிக்குகளை அழைத்துப் புண்ணியம் செய்வோம். அவர்கள் ஓத, நாங்கள் பெயர் சொல்லி நீர் வார்ப்போம். விசூத்தும் அனோங்கின் அப்பாவும் இறந்த பிறகு, இந்த வருடம் அனோங் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தப்திம் என்று முணுமுணுத்தேன். விசூத் என்றேன். அப்படியே அவள் அப்பாவின் பெயரையும் சொன்னேன்.

"எங்கப்பா பேரு எதுக்குக்கா இந்த வரிசையில?"

"பாசந்தாம்மா," என்றேன்.

அவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். அதன்பின் அவள் என்னுடன் பேசவில்லை.

நான் செய்தது அன்பினால். யோசித்தால், மருந்து நல்லது என்று முதலில் சொன்னவை அவளுடைய எலிகள்தானே. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவரைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் அவருக்காக என்ன செய்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். என்னைப் போலத்தான் செய்திருப்பீர்கள்.