தலைவருக்கு சார்ஜ் மறுத்த வழக்கு

சிதம்பரம் வட்டாரக் கைப்பேசி பழுதுநீக்குவோர் நலச் சங்கத்தின் சிங்கமாக, தற்சமயம் என்மீது சினம் கொண்ட சிங்கமாக, நடுநாற்காலியில் வீற்றிருக்கும் அன்புத் தலைவர் காத்தவராயன் அவர்களே, கருகிய போர்டை முகர்ந்து பார்த்தே காரணம் சொல்லும் மூத்தோர்களே, காட்டுமன்னார்கோயிலில் இருந்து டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்ந்த தோழர்களே, சாப்பாடு உண்டா என்று வாசலிலேயே கேட்டு உறுதி செய்துகொண்டு உள்ளே வந்த உத்தமர்களே, வீட்டுக்காரர் சாலிடரிங் பிடிக்க, வாடிக்கையாளரின் கோபத்தைப் பிடித்து நிறுத்தும் தாய்மார்களே, உங்கள் அத்தனை பேருக்கும் அண்ணாமலை நகர் புஷ்பவள்ளியின் பணிவான வணக்கம்.

இன்றைய தீர்மானம் எது? புஷ்பவள்ளியைச் சங்கத்தை விட்டு நீக்குவது. நான் செய்த குற்றம் எது? திருட்டுப் போன் வாங்கினேனா? டூப்ளிகேட் டிஸ்ப்ளே மாட்டினேனா? இல்லை ஐயா, இல்லை. கடைக்கு வந்த தலைவருக்கு சார்ஜ் போட இடமில்லை என்று சொன்னேன்.

பின்வரிசையில் ஒருவர் "அடப்பாவமே" என்கிறார். என்னைப் பார்த்தா, தலைவரைப் பார்த்தா என்று தெரியவில்லை. ஆனால் அவர் சொல்வதும் நியாயம்தான். நம் ஊரில் தாகத்துக்குத் தண்ணீர் இல்லை என்றால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். சார்ஜ் இல்லை என்றால் சம்பந்தம் முறியும். பஸ்ஸுக்கு நிற்பவரும் வருவார், பால் வாங்கப் போகிறவரும் வருவார், எதிர்க்கடைக்காரரே வருவார். யாரையும் கேட்பதில்லை. சார்ஜரில் காலியாக இருக்கும் போர்ட்டைப் பார்ப்பார், சொருகுவார், உட்காருவார். பதினோரு ஆண்டுகளாக நானும் ஒருவரைக்கூட மறுத்ததில்லை.

பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்று ஊரே கேட்டபோது, உறுப்பினர் அட்டையை என் கையில் கொடுத்தவர் இதே தலைவர். அந்த அட்டை பறிபோனால் எனக்கு வலிக்கும். அதை மறைக்க மாட்டேன். அதனால் நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுவிட்டுக் கை தூக்குங்கள்.

நம் மேசையில் இருக்கிறதே டிசி சப்ளை, அதைத் தாய்மார்களுக்காக விளக்குகிறேன். போனின் பேட்டரியைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதிலாக மின்சாரம் கொடுக்கும் பெட்டி அது. எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று நாமே திருகி வைக்கலாம். பழைய பெட்டியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். புதிய பெட்டி சோப்பு டப்பா அளவுதான். தனக்கென்று பிளக்கும் இல்லை. டைப்-சி சார்ஜரில் சொருகினால் போதும்.

போதுமா? போதாது தோழர்களே, போதாது. சொருகியதும் பெட்டியும் சார்ஜரும் பேச்சுவார்த்தை நடத்துகின்றன. இருபது வோல்ட் கொடு என்று பெட்டி கேட்கும். சார்ஜரிடம் இருந்தால் கொடுக்கும். இல்லையென்றால், அல்லது கேபிள் தகுதியில்லாததாக இருந்தால், ஐந்தோடு கையை விரித்துவிடும். ஐந்தை வாங்கி வைத்திருக்கும் பெட்டியிடம் பதினெட்டு கேட்டால் அது எங்கே போய்க் கடன் வாங்கும்? ஆகவே முதலில் உள்ளே வருவது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பிறகு வெளியே போகும் வோல்ட்டை நாலுக்கு வைக்க வேண்டும். ஆம்பியருக்கு எல்லை கட்ட வேண்டும். அதற்கும் பிறகுதான் போனை மாட்ட வேண்டும். மாட்டிய பிறகு குமிழைத் தொடக் கூடாது. அண்ணன் ராஜமாணிக்கம் தொட்டார். நாலு இருந்த இடத்தில் பன்னிரண்டு வந்தது, புகையும் வந்தது. சிரிக்காதீர்கள், அது அவருடைய மாமனார் போன்.

தலைவர் குறுக்கே ஏதோ கேட்கிறார். கேபிள் எத்தனை ஆம்பியர் என்கிறார். ஐந்து ஆம்பியர், தலைவரே. கோபத்திலும் தொழிலை மறக்காத உங்கள் குணத்துக்குத் தலை வணங்குகிறேன்.

இனி வழக்குக்கு வருகிறேன். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டு மணி. பரங்கிப்பேட்டை உபைதுல்லா என் கடைக்கு ஓடி வந்தார். போன் திறக்கவில்லை, கம்பெனி பெயர் மட்டும் வந்து வந்து போகிறது.

"அக்கா, நாளைக்கிக் காலைல சென்னைல ஃபிளைட்டு. நாலு மணி பஸ்ஸ புடிக்கணும். விசா பேப்பரு இதுக்குள்ளதான் கெடக்கு" என்றார்.

"ஏஜென்ட திரும்ப அனுப்பச் சொல்லுங்க தம்பி" என்றேன்.

"அவுரு எங்கக்கா போன எடுக்குறாரு?" என்றார்.

எந்த ஏஜென்ட் பணம் வாங்கிய பிறகு போனை எடுத்திருக்கிறார்? பேட்டரியைக் கழற்றினேன், டிசி சப்ளையை மாட்டினேன், உள்ளே இருப்பது அழியாமல் சாப்ட்வேரை மட்டும் திரும்ப ஏற்றத் தொடங்கினேன். அது ஏறி முடியும்வரை மின்சாரம் ஒரு நொடிகூட நிற்கக் கூடாது. முப்பது சதவீதம், ஐம்பது, எழுபத்தொன்று. எழுபத்தொன்றில் பெட்டி அணைந்தது. போன் செத்தது.

கரண்ட் போனதா? ஃபேன் ஓடுகிறது. கேபிள் கழன்றதா? இறுக்கமாக இருக்கிறது. சார்ஜரைப் பார்க்கிறேன், பக்கத்துப் போர்ட்டில் ஒரு வெள்ளை ஒயர். அதைப் பிடித்துக்கொண்டே போனால் மறுமுனையில் இருப்பவர் சாட்சாத் உபைதுல்லா.

"நா ஒண்ணும் பண்ணலக்கா. பட்டன் போன்ல சார்ஜ் இல்ல. எம் பொஞ்சாதி நௌஷீன் கேட்டுக்கிட்டே இருக்கா, ரெடியாயிடுச்சுன்னு வூட்டுக்குச் சொல்லலாம்னு சும்மா சொருவுனேன்" என்றார்.

அவர்மீது பிழையா? பிழை என்னுடையது. ஊருக்கும் ஆகட்டும், தொழிலுக்கும் ஆகட்டும் என்று நாலு போர்ட் சார்ஜரை வாங்கி மேசையில் வைத்தவள் நான். என்னுடைய சார்ஜரில் புதிதாக ஒரு போன் வந்தால் போதும், எல்லோருக்கும் கொடுப்பதை நிறுத்திவிட்டு, யாருக்கு எவ்வளவு என்று முதலில் இருந்து பங்கு பிரிக்கும். பந்தியில் ஒருவர் கூடுதலாக உட்கார்ந்தார் என்பதற்காக, பாதி சாப்பிட்டவர்கள் இலையை எல்லாம் உருவிவிட்டு மறுபடி இலை போடுவதைப் போல. மறுபடி இலை விழுவதற்குள் போன் பசியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது.

மணி மூன்று. உபைதுல்லா பெஞ்சில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றுகிறார். சார்ஜரில் இருந்த அத்தனை ஒயரையும் பிடுங்கினேன், பெட்டியை மட்டும் விட்டேன். இருபது வோல்ட் வருகிறதா, வருகிறது. வெளியே நாலு, எல்லை கட்டியாயிற்று. முதலில் இருந்து ஏற்றினேன். நாற்பதைத் தாண்டும்போது வாசலில் நிழல் விழுந்தது.

யார்? கையில் போன், சட்டைப் பையில் கேபிள், நம் தலைவர்.

"என்னா புஷ்பா, நாலு போர்ட்டுல மூணு காலியாக் கெடக்கு. பத்து நிமிசம் போட்டு எடுத்துக்கறேன்."

"முடியாதுங்க தலைவரே."

"என்னாது?"

"முடியாதுங்க. இன்னிக்கி யாருக்கும் முடியாது."

விளக்கம் சொல்லியிருக்கலாம். திரையில் இருந்து கண்ணை எடுக்கப் பயமாக இருந்தது. தலைவர் உபைதுல்லாவைப் பார்த்தார், காலிப் போர்ட்டுகளைப் பார்த்தார், செருப்பை மாட்டினார், போனார். சாயங்காலமே சங்கத்தின் வாட்சப்பில் புகார் வந்தது. நாற்பத்து மூன்று பேர் கட்டைவிரல் காட்டினீர்கள். அதில் என் சொந்த மச்சானும் உண்டு. முன்வரிசையில்தான் இருக்கிறார், குனிய வேண்டாம் மச்சான்.

மூன்றரைக்குப் போன் திறந்தது. விசாவும் இருந்தது. உபைதுல்லா பஸ் பிடித்தார். மறுநாள் விமான நிலையத்தில் இருந்து பேசினார்.

"அக்கா, இங்க ஒருத்தரு என் பவர் பேங்க்ல சார்ஜ் கேட்டாரு. ஒங்க மொகம் ஞாபகத்துக்கு வந்துச்சு. குடுக்கவே இல்ல."

அட தம்பி, அது வெறும் பவர் பேங்க், கொடுத்திருக்கலாம் என்றேன்.

பெருமக்களே, இப்போது என் கடையில் இரண்டு சார்ஜர். வாசலில் இருப்பது ஊருக்கு. மாணவருக்கு, மளிகைக்காரருக்கு, மாமாவுக்கு, மச்சானுக்கு, மகுடம் சூடிய தலைவருக்கு. உள்ளே இருப்பது பெட்டிக்கு மட்டும். அதன் மற்ற மூன்று போர்ட்டிலும் கறுப்பு டேப் ஒட்டிவிட்டேன். அடுத்தவர் பிழைப்பு நம் மேசையில் பிரிந்து கிடக்கும்போது, காலியாகத் தெரியும் போர்ட் காலியானது அல்ல. அல்லவே அல்ல.

நேரம் தந்த மேடைக்கும், கொட்டாவியை மறைத்துக்கொண்டு கேட்ட அவைக்கும், மைக்கைப் பிடுங்காத தலைவருக்கும் என் நன்றி. தீர்மானம் உங்கள் கையில் இருக்கிறது. எடுக்க வேண்டும் என்றால் பட்டியலில் இருந்து என் பெயரை எடுங்கள், அந்த டேப்பை மட்டும் யாரும் எடுத்துவிடாதீர்கள். வணக்கம்.