இழுத்தால் வராத புல்

ஷாபியெர்: …அது புல்லு இல்ல, என் சுண்டு விரலு! விடு வெர்லா!

வெர்லா: அப்போ கையத் தள்ளி வை. தரையில போட்ட இந்த மரச்சட்டத்துக்குள்ள இருக்கறத எல்லாம் எண்ணியாகணும்.

ஷாபியெர்: என் விரலையும் எழுதிக்கோ. அஞ்சு.

வெர்லா: விளையாடாதே. ஒவ்வொண்ணா இழுத்துப் பாரு. கையோட வந்தா ஏமாத்துப் புல்லு. முரண்டு பிடிச்சா அணில்வால் புல்லு, தீக்கு அப்புறம் எங்க நில ஆபீஸ் விதைச்சது.

ஷாபியெர்: முப்பது வருஷமா இந்த நெவாடா மலையில ஆடு மேய்க்கறவனுக்கே புல்லு பாடமா?

வெர்லா: முப்பது வருஷமும் ஆட்டோட பின்பக்கத்தத்தானே பாத்துட்டு நடந்தே?

ஷாபியெர்: அடிப்பாவி… இந்தா, வந்துடுச்சு. வேரப் பாரு, நூலாட்டம். இன்னொண்ணு… களவாணிப் புல்லு!

வெர்லா: களவாணியேதான். மத்ததெல்லாம் தூங்கறப்போ அக்டோபர் மழையில முளைச்சிடும். பனிக்கு அடியிலயே வேரு விடும். பனி உருகின தண்ணிய, மத்தது கண்ணு முழிக்கறதுக்குள்ள குடிச்சு முடிச்சிடும். ஜூன்ல பாத்தா காஞ்ச சருகு.

ஷாபியெர்: ஜூலையில ஒரே ஒரு மின்னல்…

வெர்லா: ம்…

ஷாபியெர்: இருநூத்திப் பத்து ஆடு, வெர்லா. புகைக்குள்ள மணிச்சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் அதுவும்…

வெர்லா: தெரியும். அன்னிக்கு நானும் கீழ ரோட்டுலதான் நின்னேன். …ஏய், இத இழு.

ஷாபியெர்: வரல.

வெர்லா: நல்லா பிடிச்சு!

ஷாபியெர்: வரலங்கறேன்… வெர்லா! வரவே மாட்டேங்குது!

வெர்லா: ஒண்ணு! பக்கத்துல?

ஷாபியெர்: அதுவும் அசையல. இதுவும்… ஏய், இதுவும்!

வெர்லா: மூணு. அந்த ஓரத்துல?

ஷாபியெர்: நாலு, அஞ்சு… ஆறு! ஒரு சட்டத்துக்கு எத்தனை வேணும்னு சொன்னே?

வெர்லா: ஆடு மேஞ்ச இந்தப் பக்கம் சராசரி நாலு இருந்தா மேய்ச்சலுக்கு மலையத் திறந்து விடுவாங்க. குறைஞ்சா இன்னும் அஞ்சு வருஷம் பூட்டுதான்.

ஷாபியெர்: அஞ்சு வருஷமா! மிச்ச மந்தைய வித்துட்டு ஊருக்குள்ள போய் உக்கார வேண்டியதுதான்… அந்தப் பக்கம் எவ்வளவு வந்துச்சு?

வெர்லா: எந்தப் பக்கம்?

ஷாபியெர்: வேலிக்கு அந்தப் பக்கம். என் ஆட்ட விடக்கூடாதுன்னு கட்டினியே, அந்த வேலி.

வெர்லா: …ஒண்ணு.

ஷாபியெர்: சரியா காதுல விழல.

வெர்லா: ஒண்ணுன்னேன்! போதுமா? உன் ஆடு மேஞ்ச பாதியில ஆறு, மேயாத பாதியில ஒண்ணு. கொக்கரிச்சுக்கோ.

ஷாபியெர்: கூட்டத்துல எல்லாரு முன்னாடியும் என்னமா கத்தினே! ‘எரிஞ்ச நிலத்துல ஆடா? என் பொணத்துமேலதான் விடணும்!’

வெர்லா: நீ கோடை பூரா மேய விடுன்னு நின்னே! ரெண்டு வருஷம் நிலத்துக்கு ஓய்வு, அப்புறம் ஏப்ரல்ல மூணே வாரம், அந்தக் களவாணி பச்சையா இருக்கறப்போ, கதிர் விடறதுக்கு முன்னாடி… நம்ம புல்லு தலை தூக்கினதும் ஆட்ட ஓட்டிடணும்னு சொன்னது யாரு?

ஷாபியெர்: நீதான்.

வெர்லா: சரியா காதுல விழல.

ஷாபியெர்: நீதான் தாயே! போதுமா? ஓட்டினது யாரு? ஒரு நாள் பிந்தாம, முட்டிவலியோட?

வெர்லா: நீதான்… ஏய், அசையாதே.

ஷாபியெர்: பாம்பா?

வெர்லா: உன் பூட்ஸுக்குப் பக்கத்துல. சாம்பல் பச்சையா, விரக்கடை உசரத்துல…

ஷாபியெர்: சேஜ் புதர் கன்னு!

வெர்லா: தீக்கு முன்னாடி மலை பூரா இருந்த செடி. யாரும் விதைக்கல. தானா வந்திருக்கு. கசக்கி மோந்து பாக்காதே! இருக்கறதே நாலு இலை… சரி, ஒரே இலை.

ஷாபியெர்: இந்தா, நீயும் மோந்து பாரு. …வெர்லா, அழறியா?

வெர்லா: மூக்குல ஏறிடுச்சு. ரொட்டிய எடு, பசிக்குது.

ஷாபியெர்: தணல் குழியில சுட்டது. விடிகாலையிலயே போட்டேன். ஆட்டுப் பாலாடைக்கட்டியும் இருக்கு.

வெர்லா: ஒரு ஆளு தின்ன இவ்வளவு பெரிய ரொட்டியா?

ஷாபியெர்: வீட்டுல நானும் நாயும்தான். நாய்க்கு ரொட்டி பிடிக்காது. நீ என்ன கொண்டாந்தே?

வெர்லா: பைன் கொட்டை. எங்க ஷோஷோனி பழங்குடி ஆளுங்க பக்குவத்துல வறுத்தது. நானே உரிச்சேன்.

ஷாபியெர்: இத்தனையும் ஒருத்தியா உரிச்சியா! எத்தனை நாளு ஆச்சு?

வெர்லா: சாப்புடு, பேசாம… ஷாபியெர்.

ஷாபியெர்: ம்?

வெர்லா: உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவப்படாதே.

ஷாபியெர்: வாய் நிறைய ரொட்டி. எப்படிக் கோவப்படறது?

வெர்லா: கணக்கெடுப்பு… போன மாசமே முடிஞ்சிடுச்சு. உன் ஆடு மேஞ்ச பாதியில சராசரி அஞ்சுக்கு மேல. கையெழுத்தும் ஆயிடுச்சு. வர்ற ஏப்ரல்லேர்ந்து முழுச் சரிவும் உன் மந்தைக்குத்தான். ஞாயித்துக்கிழமை எண்ணணும், துணைக்கு ஆள் இல்லன்னு நான் போன்ல சொன்னது… சும்மா. எண்ண ஒண்ணுமே இல்ல. …ஏதாவது சொல்லேன் மனுஷா!

ஷாபியெர்: உங்க ஆபீஸ் கடிதம் செவ்வாய்க்கிழமையே வீட்டுக்கு வந்துடுச்சு, வெர்லா. ரெண்டு தரம் படிச்சுட்டு மடிச்சு வச்சேன். நீ போன் பண்ணினது வியாழக்கிழமை… எந்திரி, அடுத்த சட்டத்தத் தூக்கிப் போடு. நல்லா தூரமா போடு. இருட்டற வரைக்கும் எண்ணலாம்.