ஒண்ணு மட்டும் செவப்பு

அந்தப் பக்கம் போவாதீங்க மேடம், இப்பதான் மாப்பு போட்டேன், ஈரமா கெடக்கு. வழுக்கி வுட்டுடும். சுதாகர் சார் சீட்டுக்குத்தான? ஃபேன் போட்டிருக்கேன், காயட்டும். நீங்க இங்கியே குந்துங்க. இந்தாங்க டீ. மேல்பட்டாம்பாக்கத்துலேருந்து நின்னுக்கினே வந்தேன்னு சொன்னீங்களே, சூடா குடிங்க.

இல்லீங்க, தமன்னான்னு பேரு சொல்லிக் கூப்புட எனக்கு வாய் வராது. மேடம்னே இருக்கட்டும். நான் இவ்ளோ பேசுறவளே கெடையாது. இந்த ஆபீஸ்ல பாதி பேருக்கு என் கொரலு தெரியாது. நீங்க வந்ததுலேருந்து ஆதிலட்சுமி, ஆதிலட்சுமின்னு முழுப் பேரும் சொல்லிக் கூப்புடுறீங்க பாருங்க, அதான் வாயி தானா தொறந்துக்கிச்சு. இங்க எனக்கு வேற பேரு.

உங்க ஸ்கிரீன்ல மெஷினெல்லாம் பச்சையாயிடுச்சா? ஒண்ணு மட்டும் செவப்பா? ஆவும் மேடம். பெரிய சார் இதப் பாக்க வர இன்னும் நேரம் இருக்குது. சுதாகர் சாரே காரெடுத்துக்கினு அவர கூட்டியாரப் போயிருக்காரு. வழியெல்லாம் பேசிக்கினுதான் வருவாரு, லேட்டாவும்.

இதே நாற்காலிலதான் அருண்ராஜ் தம்பி குந்தும். உங்களுக்கு முந்தி இருந்த கம்ப்யூட்டர் தம்பி. ஒவ்வொரு மெஷினா போயி ஊசி போட வேணாங்க்கா, இங்க குந்திக்கினு ஒரு பட்டன தட்டுனா வயரு வழியா எல்லாத்துக்கும் வைரஸ் மருந்து போயிடும், போனது பச்ச, போவாதது செவப்புன்னு அதான் எனக்கு சொல்லிச்சு. பகல்ல அனுப்புனா மெஷினு மெதுவா ஓடுதுன்னு எல்லாரும் கத்துவாங்க. அதனால ஆபீஸ் வுட்டப்புறம்தான் அனுப்பும். மெஷின மட்டும் ஆஃப் பண்ணாம போங்க சார்னு ஒவ்வொரு சீட்டா கெஞ்சிக்கினு திரியும்.

அப்பவும் அதே சுதாகர் சார் சீட்டுதான் மேடம், செவப்பு. ஏன்னா சுதாகர் சாருக்கு வைரஸுன்னா அவ்ளோ பயம். வைரஸு வயரு வழியாத்தான் வருது, நான் ஏந்திரிச்சதும் அந்த நீல வயர புடுங்கி வுட்டுடு, காலைல மாட்டுன்னு எங்கிட்ட சொல்லி வெச்சிருந்தாரு. நானும் கூட்டி முடிச்சிட்டு டெய்லி புடுங்குவேன். வயரு இல்லன்னா மருந்தும் உள்ள போவாதுன்னு அவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. அந்தத் தம்பி பகல்ல வந்து, உங்க மெஷின கொஞ்சம் பாக்கணும் சார்னு நிக்கும். நான் பர்மனென்ட்டுடா, என் சீட்ல ஒரு கான்ட்ராக்ட் பையன் குந்துறதான்னு தொரத்தி வுடுவாரு.

அப்பறம் என்னா, மச்சினன் கல்யாண போட்டோன்னு எங்கியோ வாங்கியாந்த பென்ட்ரைவ சொருவுனாரு. எல்லாரும் போடற பில்லும் அவரு மெஷின்லதான் சேத்து வெப்பாங்க. அதுலேருந்து வைரஸு ஏறி அத்தனையும் பூட்டிக்கிச்சு.

எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சாங்க. வைரஸு எப்டி உள்ள வந்துச்சு, தெரிஞ்சவங்க சொல்லிடுங்கன்னாரு பெரிய சாரு. என்னத்தான் சொல்றாருன்னு நெனச்சேன். ஏன்னா அந்த வாரம் என் பொண்ணுக்கு அம்மை போட்டிருந்துச்சு. நான் கல்யாண மண்டபத்துல சோறாக்கப் போன எடத்துலேருந்து ஒட்டிக்கிச்சோ என்னவோ. ஆஸ்பத்திரில டாக்டரம்மா, இது வைரஸும்மா, சட்டுனு பரவும், நீயும் வெளிய போவாதன்னாங்க. நானும் கான்ட்ராக்ட்டு, லீவு கேட்டா கேட் பாஸ குடுத்துட்டுப் போன்னுவாங்க, அதோட வேல போச்சு. எங்க வூட்டுக்காரரு மைன்ஸ்ல லாரி ஓட்டுறாரு, அதுவும் கான்ட்ராக்ட்டு, வேல இருந்தா இருக்கும். அதனால புள்ளய பக்கத்து வூட்ல வுட்டுட்டு, யாருக்கும் சொல்லாம வந்துக்கினு இருந்தேன்.

அந்தப் பாவம் அருண்ராஜ் தலைல விடியுதேன்னு இருந்துச்சு. ஒரு அடி முன்னால வந்து, சார், அந்த வைரஸ நான்தான் சார் கொண்டாந்தேன், என் புள்ளைக்கு அம்மைன்னு சொல்லிட்டேன்.

நீங்க சிரிக்கல. பரவால்ல மேடம், சிரிச்சாலும் தப்பில்ல. அன்னிக்கு அத்தினி பேரும் சிரிச்சாங்க. பெரிய சாரே வாயப் பொத்திக்கினு திரும்பிக்கினாரு. சுதாகர் சாரு மேசைய தட்டித் தட்டி சிரிக்கிறாரு, கண்ல தண்ணி. கேசு முடிஞ்சுது சார், வைரஸே வந்து சரண்டர் ஆயிடுச்சுன்னாரு. அருண்ராஜ் மட்டும் கீழ பாத்துக்கினு நின்னுச்சு. சாயந்தரமே அந்தத் தம்பிய வேலய வுட்டு நிறுத்திட்டாங்க. பையத் தூக்கிக்கினு போறப்ப வாசல் கேட்டாண்ட என்னப் பாத்து, அக்கா, சுதாகர் சார் மெஷின் வயர யாராச்சும் தொடுவாங்களான்னு கேட்டுச்சு. நான்தான் டெய்லி புடுங்குறேன்னு சொன்னேன். பைய இன்னொரு தோளுக்கு மாத்திக்கிச்சு. அப்பறம், வுடுக்கா, இதப் போயி சொன்னீன்னா வயரு மாதிரி உன் பாஸையும் புடுங்கிடுவாரு, புள்ளயப் பாருன்னுட்டு பஸ்ஸேறிடுச்சு. காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரி மில்லுல மூட்ட எண்ணுதாம் இப்ப.

அன்னிலேருந்து இங்க என் பேரு வைரஸு. வைரஸ், டீ கொண்டா. வைரஸ், அந்தக் குப்பைய எடு. நான் ரூமுக்குள்ள நொழஞ்சா சுதாகர் சாரு கம்ப்யூட்டர ரெண்டு கையாலயும் மூடிக்குவாரு, மத்தவங்க சிரிக்கணும்னு. சிரிப்பாங்க. கொஞ்ச நாளு போனா மறந்துடுவாங்கன்னு நெனச்சேன். மறக்கல.

அப்பறம் ஒரு மீட்டிங்ல சுதாகர் சாரு என்னா பேசுனாரு தெரியுமா? இனிமே எந்த மெஷின் செவப்பு காட்டுதோ அந்த சீட்டுக்காரந்தான் பொறுப்பு சார், கம்ப்யூட்டர்காரங்கள சொல்லி என்னா ஆவப்போவுதுன்னு அவரே ஏந்திரிச்சு சொன்னாரு. நல்ல பேரு எடுக்கறதுக்கு. பெரிய சாருக்குப் புடிச்சிப்போச்சு. சரி, இன்னொரு வாட்டி செவப்ப பாத்தேன்னா அந்த ஆள நிலக்கரி யார்டு ஷெட்டுக்கு மாத்திடுவேன், அங்க குந்தி தூசிய எண்ணட்டும்னாரு. நான் அப்ப பிஸ்கட்டு தட்டு வெச்சிக்கினு இருந்தேன்.

காஞ்சிடுச்சா? இல்ல மேடம், இன்னும் ஓரத்துல ஈரம் நிக்கிது. குந்துங்க.

போன ஆயுத பூசைக்குப் புள்ளய கூட்டியாந்தேன். எல்லாரும் அவங்கவங்க புள்ளைங்கள கூட்டியாருவாங்க. கம்ப்யூட்டருக்கெல்லாம் சந்தனம், குங்குமம், மேல செவந்திப் பூ. என் பொண்ணுக்குப் பாவாட சட்ட போட்டு, மூஞ்சில தழும்பு தெரியாம பவுடரு போட்டு நிறுத்தியிருந்தேன். சுதாகர் சாரு பாத்தாரு. சாமி படத்துக்கிட்ட இருந்த வேப்பலையில ஒரு கொத்து ஒடிச்சி நான் கூட்டுற வெளக்கமாத்துல சொருவி, அத புள்ள கையில குடுத்தாரு. எல்லாரும் தள்ளி நில்லுங்க, மெஷினெல்லாம் மூடுங்க, குட்டி வைரஸ் வந்திருக்குன்னாரு. கூடமே சிரிக்கிது. புள்ளைக்கு என்னா தெரியும், அதுவும் சிரிச்சுது. சிரிச்சதும் ஒரு கை பொரியும் நாட்டுச் சக்கரையும் அள்ளிக் குடுத்தாரு. அத மடில கட்டிக்கினு வந்துச்சு மேடம், எனக்கும் ஒரு வாயி ஊட்டிச்சு.

நான் வேப்பலைய உருவிப் போட்டுட்டு அதே வெளக்கமாத்தால கூடத்த கூட்டுனேன்.

புள்ள பேரு இளவேனில். எங்க வூட்டுக்காரரு வெச்சது. நல்லாருக்கில்ல? இன்னிக்குக் காலைல பால்வாடில சேக்கப் போனேன். டீச்சரு கன்னத்தத் தொட்டு, உம் பேரு என்னா கண்ணுன்னாங்க. நல்லா நிமுந்து நின்னுக்கினு, குட்டி வைரஸுன்னு சொல்லிச்சு. டீச்சருக்குப் புரியல. இது அவங்க மூஞ்சியவே பாத்துக்கினு நிக்கிது. எப்ப சிரிப்பாங்கன்னு. சிரிச்சா பொரி தருவாங்கன்னு கைய வேற நீட்டிக்கினு இருக்குது.

காரு சத்தம் கேக்குது. அவங்கதான்.

ஏந்திரிக்காதீங்க மேடம். அங்க போயித் தேடுனாலும் ஒண்ணும் இல்ல. உங்களுக்கு ஒண்ணும் ஆவாது, சீட்டுக்காரந்தான் பொறுப்பு, அவரு சொன்னதுதான. நீல வயரு இந்த வாளில கெடக்குது, மாப்புத் துணிக்கடியில.

டீ ஆறுது பாருங்க.