தொண்ணூற்றைந்து புள்ளி

சிவப்புப் பேனையை நான் அழுத்தி எழுதுவதில்லை, அதிபர் சேர். மறுபக்கம் ஊறிவிடும்.

உங்கள் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கும் ஸுல்பிகா டீச்சர் எனக்குச் சாச்சி, உம்மாவின் தங்கை; எங்களோடுதான் இருக்கிறார். அவருக்குக் கண்பார்வை குறைந்ததிலிருந்து கட்டுரைகளை வீட்டில் நான்தான் திருத்துகிறேன். நான் தரம் ஒன்பதோடு நின்றவள். அதுவரை வகுப்பில் அம்ஹாவும் நானும் ஒரே வாங்கில் இருந்தோம். நான் நின்ற பிறகும் பின்னேரங்களில் எங்கள் வீட்டுக்கு வருவாள். பிறகு ரியூஷன் என்று வராமல் விட்டாள்.

இம்முறை, உழைக்கும் ஒருவரை அவதானித்து, நேர்காணல் செய்து எழுதச் சொல்லியிருந்தார்கள். அம்ஹா தன் உம்மாவை எழுதினாள். சுஹறா மாமி சம்மாந்துறையில் மில் முதலாளி ஸஹீத் ஹாஜியார் வீட்டில் சமைக்கிறவர். நாற்பத்தொன்று போட்டேன். ‘அவதானம் போதாது. யாரும் பார்க்காதபோது அவர் என்ன செய்கிறார்?’ என்று சாச்சியின் கையெழுத்தில் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை லீவில் உம்மாவோடு போய்ப் பார்த்து, திரும்ப எழுதினாள். ஹாஜியார் ஜும்ஆத் தொழுகைக்குப் போனதும் உம்மா பை நிறைய அரிசியோடு பின்வாசலால் வருகிறார். அந்தக் கொப்பியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அம்ஹா கேட்டாள்.

“உம்மாட்ட ஏனெண்டு கேட்டுட்டு எழுதட்டா? டீச்சரிட்டக் கேட்டுச் சொல்லு புள்ள.”

உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

“கேக்க வேணாமாம். கேட்டா அவதானம் கெட்டுருமாம்.”

அது திருட்டல்ல என்று எனக்குத் தெரியும். ஹாஜியாரின் மனைவி ஸம்றா, புருஷனுக்குத் தெரியாமல் தர்மமாகக் கொடுக்கும் ஸதகா. வெளியில் சொல்லக் கூடாதென்று கொடுத்தது. மாமி என் உம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

தொண்ணூற்றைந்து போட்டேன். நேர்காணல் இல்லாததற்கு ஐந்து குறைத்தேன். சாச்சி புள்ளியை மட்டும்தான் பார்த்தார். வகுப்பில் அதுவே கூடிய புள்ளி என்பதால் பரிசளிப்பு விழாவில் சுவரில் ஒட்டினார்கள். பிரதம விருந்தினர் யாரென்று அழைப்பிதழில் ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

ஹாஜியார் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தாராம். மறுநாளே மாமியை நிறுத்திவிட்டார். ஸம்றா வாய் திறக்கவில்லை. வகுப்பில் ‘கள்ளிட மகள்’ என்றார்களாம். அம்ஹாவும் பாடசாலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

இப்போது பின்னேரங்களில் அவள் வீட்டில்தான் இருக்கிறாள், எங்களுக்கு மூன்று வளவு தள்ளி. நேற்று ஒரு புதுக் கொப்பி கொண்டுபோனேன். கதவு திறக்கவில்லை. படியில் வைத்துவிட்டு வந்தேன்.

அவளுக்கு எழுத நிறைய இருக்கும், சேர். எழுதியதும் முதலில் என்னிடம்தான் காட்டுவாள்.